ஆணி என்றே நினைத்திருந்தேன்

என் இடது குதிகாலில் இருந்தது ஆணி இல்லை என்று தெரிந்துகொள்ள எனக்கு ஏழு மாதம் பிடித்தது. அந்த ஏழு மாதமும் அதன்மேல் நின்றுகொண்டுதான் பருப்பும் சீனியும் நிறுத்துப் போட்டேன்.

தூத்துக்குடியில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் எங்கள் பலசரக்குக் கடை இருக்கிறது. நானும் என் வீட்டுக்காரர் தங்கராஜும்தான் பார்த்துக்கொள்கிறோம். கடலுக்குப் போகிற போட்டுகளுக்கு அரிசி, எண்ணெய், வத்தல், டீத்தூள் எல்லாம் எங்களிடம் வாங்குவார்கள். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை நின்றபடியே வேலை. நிற்கிறவளுக்குக் காலில் ஆணி வருவது ஒரு விஷயமா என்ன?

முதலில் மிளகு அளவுக்குக் கறுப்பாக ஒரு புள்ளி. மருந்துக்கடையில் ஆணிக்கு விற்கிற பிளாஸ்திரியை வாங்கி ஒட்டினேன். பிறகு வெந்நீரில் காலை ஊறவைத்து, அவர் சவரம் செய்கிற பிளேடால் மேல்தோலைச் செதுக்கினேன். ரத்தம் வந்தது, வலிக்கவில்லை. வலிக்காததால் பயமும் வரவில்லை. மாதம் போகப் போக அதன் ஓரம் கலைந்து, காகிதத்தில் மை கொட்டினால் பரவுமே, அப்படிப் பரவியிருந்தது. குதிகாலை யார் குனிந்து பார்க்கிறார்கள்?

ஒரு நாள் காலையில் கடை வாசலைக் கழுவிவிட்டு உள்ளே வந்தேன். பின்னால் வந்த அவர் நின்றுவிட்டார். ஈரத் தரையில் நான் நடந்துவந்த தடம், ஒன்றுவிட்டு ஒன்று சிவப்பாக இருந்தது.

“எத்தன நாளா இப்பிடி இருக்கு?” என்றார்.

“ஆணிதாங்க. பிளேடு பட்டிருக்கும்.”

அவர் பாதி ஏற்றிய ஷட்டரை இறக்கினார். அன்று காலையிலேயே தோல் டாக்டரிடம் போனோம்.

அந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். விளக்கு வைத்த ஒரு கண்ணாடியை என் குதிகாலில் வைத்து வெகுநேரம் பார்த்தார். “ஆணின்னா அழுத்தும்போது வலிக்கும். இது வலிக்குதா?” என்று கேட்டார். இல்லை என்றேன். அதற்கப்புறம் அவர் பேச்சு குறைந்துபோனது. இன்னொரு காலையும் காட்டச் சொன்னார். உள்ளங்கை இரண்டையும், இருபது நகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். “சின்னத் துண்டு ஒண்ணு எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பணும்” என்றார். மரத்துப்போக ஊசி போட்டு, எடுத்து, இரண்டு தையல் போட்டார்கள்.

ரிப்போர்ட் வாங்க என் வீட்டுக்காரர்தான் போனார். திரும்பி வந்து, “ஒண்ணுமில்ல செல்வி. ஒரு கட்டியாம். மதுரைல போயி எடுத்துட்டா சரியாப் போயிரும்னு சொல்லுதாவ” என்றார். சொல்லும்போது அவர் உட்காரவில்லை. அன்றிலிருந்து ஒரு கிலோ பொட்டலத்தைக்கூட என்னைத் தூக்க விடவில்லை. கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற மகள் லீவு போட்டுவிட்டுக் கடையைப் பார்த்துக்கொள்ள வந்தாள். ஒரு கட்டிக்கு இவ்வளவு எதற்கு என்று கேட்டேன். இரண்டு பேரும் ஒரே மாதிரி சிரித்தார்கள்.

மதுரையில் ஒரு மருத்துவமனையின் இரண்டாவது மாடியில் வரிசையாக நாற்காலி போட்ட கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அவர் டீ வாங்கி வரப் போயிருந்தார். எதிரே கதவில் ‘சர்ஜிக்கல் ஆன்காலஜி’ என்று தமிழ் எழுத்தில் இருந்தது. எழுத்துக்கூட்டி வாசித்தேன், அர்த்தம் விளங்கவில்லை. பக்கத்தில் தலையில் துணி கட்டிய ஒரு பெண் இருந்தாள்.

“இது என்ன சீக்குக்குப் பாக்குத டாக்டரும்மா?” என்று அவளிடம் கேட்டேன்.

“கேன்சர் டாக்டர், அக்கா. நீங்க யாருக்குத் துணைக்கு வந்திருக்கீங்க?”

நான் யாருக்கும் துணைக்கு வரவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. கூடத்தில் இருந்தவர்களை அப்போதுதான் ஒவ்வொருவராகப் பார்த்தேன். மூக்கில் குழாய் வைத்திருந்த ஒரு பெரியவர். கழுத்தின் ஒரு பக்கம் பள்ளமான ஒருவர். அதுவரை அவர்களை வேறு யாரோ என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் இரண்டு கப் டீயோடு வந்தார்.

“ஒங்களுக்கு எப்பத் தெரியும்?” என்றேன்.

என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. கப்புகளைத் தரையில் வைத்தார். “ரிப்போர்ட் வாங்குன அன்னைக்கே.”

“ஒம்பது நாளாவா?”

“எப்பிடிச் சொல்லன்னு தெரியல. நாளைக்குச் சொல்லிருவோம், நாளைக்குச் சொல்லிருவோம்னு நாள் போயிட்டு.”

“நான் செத்துருவனா?”

“அதெல்லாம் ஒண்ணும் ஆவாது.”

“ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்? நீங்க என்ன டாக்டரா?”

பக்கத்திலிருந்த பெண் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த நேரத்தில் எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் கூட இருந்தது. கால் என்னுடையது. அதில் இருக்கிறது என்ன என்று என் மகளுக்கும் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

டாக்டர் பார்த்து முடித்ததும் எங்களை ஒரு சிறிய அறைக்கு அனுப்பினார்கள். அங்கே தேன்மொழி என்ற நர்ஸ் இருந்தார். நோயாளிகளுக்கு அவர்களுடைய நோயைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பதுதான் அவருடைய வேலை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மூன்று கோடு போட்டார்.

“இது தோலு. இதுக்குள்ள நிறம் குடுக்கிற அணுக்கள் இருக்கு. உங்களுக்கும் எனக்கும் இந்த மாநிறம் அதனாலதான். அதுல சிலது கட்டுப்பாடில்லாமப் பெருகிக்கிட்டே போனா, அதுக்குப் பேரு மெலனோமா. தோல்ல வர்ற ஒரு கேன்சர். நம்ம ஆட்களுக்கு வந்தா உள்ளங்கால்ல, உள்ளங்கையில, நகத்துக்கடியிலதான் பெரும்பாலும் வரும். வெயில் படாத இடம். அதனால வெயில்ல நின்னதால வந்துச்சோன்னு யோசிக்காதீங்க.”

“நான் பிளேடு வச்சுச் செதுக்குனனே, அதனாலயா?”

“அதனால வரல. ஆனா அதனால நாள் போயிருச்சு.”

எனக்கு அந்தப் பதில் வலித்தது. ஆனாலும் அவர் பொய் சொல்லவில்லை என்பதால் அடுத்த கேள்வியைக் கேட்கத் தைரியம் வந்தது. பரவியிருக்குமா என்று கேட்டேன்.

அவர் கோட்டுக்குக் கீழே ஒரு சின்ன வட்டம் போட்டார். “எவ்வளவு ஆழம் இறங்கியிருக்குங்கறதுதான் முக்கியம். உங்களுக்கு ஒரு கடுகு கனம் இறங்கியிருக்கு. கால்ல முள்ளு குத்திப் பழுத்தா தொடையிடுக்குல நெறி கட்டும்ல?”

“கட்டும்.”

“அந்த நெறி எல்லாருக்கும் உள்ள இருக்கு. கால்ல இருந்து ஏதாவது கிளம்புனா முதல்ல அங்கதான் போய் நிக்கும். ஆபரேஷன் அன்னைக்கு உங்க குதிகால்ல ஒரு நீலச் சாயத்த ஊசியில ஏத்துவாங்க. அது ஓடிப்போய் முதல்ல எந்த நெறியில சேருதோ, அத மட்டும் எடுத்து டெஸ்ட் பண்ணுவாங்க. அதுல இல்லைன்னா பெரும்பாலும் வெளிய போகலைன்னு அர்த்தம். இருந்தா அடுத்து என்ன செய்யணும்னு பார்ப்போம். குதிகால்ல கறுப்பச் சுத்தி ஒரு விரல் அகலம் சேர்த்து எடுத்துட்டு, தொடையில இருந்து மெல்லிசாத் தோலு எடுத்து அங்க ஒட்டுவாங்க.”

நான் தலையாட்டினேன். தலையாட்டியதை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. “இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்க. உங்க பாஷையில” என்றார்.

நான் சொன்னேன். பாதியில் மாட்டிக்கொண்டேன். என் வீட்டுக்காரரைச் சொல்லச் சொன்னபோது, நெறியை எடுத்தால் நோய் போய்விடும் என்றார். தேன்மொழி மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். அந்த அறையைவிட்டு வெளியே வந்தபோது பயம் குறையவில்லை. ஆனால் இவ்வளவுதான் பயம் என்று அதற்கு ஓர் ஓரம் தெரிந்தது.

சோதனைகளுக்காக ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்னதாகவே சேர்த்துக்கொண்டார்கள். தொடையிடுக்கில் ஸ்கேன் எடுத்த பெண் ஒரே இடத்துக்கு மூன்று தடவை அந்தக் கருவியைக் கொண்டுவந்தாள். ஏன் என்று கேட்டேன். டாக்டர் சொல்வார் என்றாள். டாக்டர் வருவதற்கு மத்தியானம் ஆனது. ஸ்கேனில் பெரிதாக எதுவும் தெரியவில்லை, ஆனால் சிறியது இருந்தால் ஸ்கேனில் தெரியாது என்றார். நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று அன்று முழுவதும் யோசித்தேன்.

ஊரிலிருந்து போன் மேல் போன். என் வீட்டுக்காரரின் அக்கா அழுதாள். “கத்தி வச்சா பரவிரும் செல்வி. நம்ம தெருவுல பாக்கலியா” என்றாள். போனை வைத்ததும் தேன்மொழியிடம் ஓடினேன்.

“கத்தி வைக்கறதுக்கு முன்னாடியே பரவியிருந்திருக்கும். அப்புறம்தான் வெளிய தெரிஞ்சிருக்கும். பழி கத்தி மேல விழுந்திருச்சு” என்றார் அவர்.

வார்டுக்கு வெளியே தண்ணீர் பிடிக்கிற இடத்தில்தான் பிலோமினாவைப் பார்த்தேன். அவர் போனில் பேசிய இரண்டு வார்த்தையிலேயே நம்ம பக்கம் என்று தெரிந்துவிட்டது. ஊர் தருவைகுளம். அவருடைய கணவர் மிக்கேல் ஆண்கள் வார்டில் இருந்தார். போட்டில் வலையை இழுக்கிற வின்ச்சைப் பார்க்கிறவர், ஐம்பத்தெட்டு வயது. வலது கட்டைவிரல் நகம் கறுத்துப் பிளந்திருந்தது. வின்ச்சில் நசுங்கியதால் வந்தது என்றே ஒரு வருடமாக நினைத்திருந்தார்கள்.

“அவியளுக்கும் ஒனக்கு உள்ளதுதான் தங்கச்சி. ஆனா அவியளுக்குத் தெரியாது. நகச்சுத்துன்னு சொல்லி வச்சிருக்கோம்” என்றார் பிலோமினா. என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீயும் சொல்லிராத. அவிய அண்ணன் வாயில இது வந்துதான் செத்தாரு. எனக்கு இது வந்தா ஒருத்தருக்கும் பாரமா இருக்க மாட்டேன், கடல்ல எறங்கிருவேன்னு அன்னைக்கே சொன்னாவ. சொன்னதச் செய்யுத ஆளு.”

“மைனி, வெரல எடுக்கப் போறாவளே. அதுக்கு என்ன சொல்லுவிய?”

“அதான் தெரியல. சொல்லாமக் கையெழுத்து வாங்க மாட்டோம்னு நர்ஸம்மா சொல்லிட்டாவ. ஒரு நாள் பொறுங்கன்னு கேட்டிருக்கேன்.”

நான் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த கையோடு அது தப்பு என்றும் எனக்குத் தெரிந்தது. ஒன்பது நாள் என்னைச் சுற்றி நடந்த அதே காரியத்தில் இப்போது நானும் சேர்ந்துகொண்டேன்.

மறுநாள் மத்தியானம், என் ஆபரேஷனுக்கு முந்தின நாள். என் வீட்டுக்காரர் காப்பீட்டு அட்டையை நகல் எடுக்கப் போயிருந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, மிக்கேல் ஒரு துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். வலது கையில் துண்டைச் சுற்றியிருந்தார். பிலோமினாவைத் தேடினேன். மருந்து வாங்குகிற வரிசையில் இருப்பதாக ஒருவர் சொன்னார். தேன்மொழியின் அறை பூட்டியிருந்தது. நான் நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, குதிகாலை ஊன்றாமல், முன்காலால் நடந்து படியிறங்கினேன்.

அவர் கேட்டுக்கு வெளியே டீக்கடைப் பெஞ்சில் ஷேர் ஆட்டோவுக்காகக் காத்திருந்தார்.

“அண்ணாச்சி, எங்க கெளம்பிட்டிய?”

“ஊருக்குத்தான். காலைல டாக்டர் வந்து கட்டவெரல எடுக்கணும்னு இன்னொரு டாக்டர்ட்ட சொல்லுதாரு. நகச்சுத்துக்கு எவனாவது வெரல வெட்டுவானா தங்கச்சி? ஊர்ல ஒருத்தரு பச்சிலை வச்சுக் கட்டுதாரு. அவருகிட்டப் போறேன்.”

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நகச்சுத்து என்று நம்புகிறவன் விரலை நீட்டுவானா? நானாக இருந்தாலும் எழுந்து போயிருப்பேன். பச்சிலை கட்டி ஆறு மாதம் இருந்தால் என்ன ஆகும் என்றும் எனக்கு இப்போது தெரியும். தேன்மொழி தாளில் போட்ட கோடுகள் கண்ணுக்கு முன்னால் நின்றன. வாக்குக் கொடுத்த கையும் நினைவுக்கு வந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“ஒனக்கு என்னம்மா? கால்ல கட்டுப் போட்டிருக்க” என்றார்.

அதுவரை அந்த வார்த்தையை நான் என் வாயால் சொன்னதில்லை. போனில் கேட்டவர்களிடம்கூடக் காலில் ஆபரேஷன் என்றுதான் சொல்லியிருந்தேன்.

“எனக்குக் கேன்சர் அண்ணாச்சி. தோல்ல வாரது. குதிகால்ல.”

அவர் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

“ஒட்டாது. தொட்டாலும் ஒட்டாதுன்னு சொல்லிக்குடுத்திருக்காவ” என்றேன்.

“வலிக்குமா?”

“வலிக்கவே இல்ல. அதான் ஏழு மாசம் சும்மா இருந்துட்டேன். ஆணின்னு நெனச்சேன்.”

“பாக்கலாமா?”

கட்டை அவிழ்த்தேன். நடுவில் தையல் போட்ட இடம், சுற்றிலும் அந்தக் கறுப்பு. ஓரத்தில் சாம்பலும் பழுப்புமாகக் கலைந்திருந்தது. அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் கையில் சுற்றியிருந்த துண்டை மெதுவாகப் பிரித்தார். நகம் இரண்டாகப் பிளந்திருந்தது. கறுப்பு நகத்தோடு நிற்காமல் தாண்டி, விரல்தோலிலும் இறங்கியிருந்தது. அந்த விரலை என் குதிகாலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். இரண்டும் ஒரே சாயம்.

ஆட்டோ வந்து நின்றது. “பஸ் ஸ்டாண்டா?” என்று டிரைவர் கேட்டார். மிக்கேல் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. ஆட்டோ போய்விட்டது.

“இதும் வலிக்கல” என்றார். பிறகு, “பிலோமினாவுக்குத் தெரியுமா?”

“மைனிகிட்டக் கேளுங்க அண்ணாச்சி.”

“தெரியும். ரெண்டு வாரமா அவ என் மொகத்தப் பாத்துப் பேசல.”

அவர் எழுந்து எந்தப் பக்கம் நடப்பார் என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தால் கடலில் இறங்கிவிடுவேன் என்று சொன்ன மனிதர். மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். “வேற ஒண்ணும் நெனைக்க மாட்டியளே?”

அவர் புரிந்துகொண்டார். “அது எங்க அண்ணன் கெடந்த கெடையப் பாத்துச் சொன்னது. அவனுக்கும் யாரும் ஒண்ணும் சொல்லல. கடைசி வரைக்கும் பல்லுப் புண்ணுன்னே நெனச்சிட்டுச் செத்தான்.” துண்டை மறுபடியும் சுற்றினார். ஒரு கையால் சுற்ற வரவில்லை, நான் முடிச்சுப் போட்டுவிட்டேன். “அந்த நர்ஸம்மா எங்கன இருப்பாவ?” என்று கேட்டார்.

நாங்கள் திரும்பி வந்தபோது பிலோமினா படிக்கட்டில் நின்றிருந்தார். மிக்கேல் அவரைத் தாண்டி மேலே ஏறிப்போனார். பிலோமினா என்னிடம், “சொல்லிட்டியா?” என்று மட்டும் கேட்டார். என்னைப் பற்றித்தான் சொன்னேன் என்றேன். அவர் நம்பவில்லை. அதற்கப்புறம் நான்கு நாள் என்னோடு பேசவில்லை.

தேன்மொழியும் என்னைப் பாராட்டவில்லை. “உங்களோடதச் சொன்னீங்க, அது உங்க உரிமை. ஆனா அவரு அங்கயே மயங்கி விழுந்திருந்தா என்ன செய்வீங்க? இனிமே ஓடி வந்து என்னையோ இங்க இருக்கற வேற ஒருத்தரையோ கூப்பிடுங்க” என்றார். அன்று சாயந்தரம் அவர் மிக்கேலோடு ஒரு மணிநேரம் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். பிலோமினாவை உள்ளே கூப்பிட்டது அதற்கப்புறம்தான். நான் செய்தது சரிதானா என்று இன்றும் என்னால் முழுசாகச் சொல்ல முடியாது.

மறுநாள் காலை என்னைக் கொண்டுபோனார்கள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். நினைவு இருந்தது. முகத்துக்கு முன்னால் பச்சைத் துணி மறைத்திருந்தது. அந்தப் பக்கம் பேசுவது மட்டும் கேட்டது. “ப்ளூ தெரியுது” என்றது ஒரு குரல். கொஞ்ச நேரம் கழித்து, “இன்னொண்ணும் இருக்கு, அதையும் எடுத்துருவோம்.” இரண்டு. ஒன்று என்றுதான் நான் எதிர்பார்த்திருந்தேன். இரண்டு என்றால் மோசமா? மேலே இருந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு கடையில் இருக்கிற சாமான்களை அடுக்கு அடுக்காக மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். மல்லி, வத்தல், சீரகம், கடுகு. கடுகில் வந்து நின்றுவிட்டேன்.

சாயந்தரம் சிறுநீர் பச்சையும் நீலமுமாகப் போனது. சாயம் வெளியேறும், பயப்படாதீங்க என்று தேன்மொழி முன்பே சொல்லியிருந்தார். சொல்லாமல் இருந்திருந்தால் அந்த நேரமே கத்தி வார்டைக் கூட்டியிருப்பேன். ஒட்டிய தோலின்மேல் பஞ்சை வைத்து இறுக்கித் தைத்திருந்தார்கள். ஐந்து நாள் அதைப் பிரிக்கக் கூடாது, காலைத் தொங்கவிடக் கூடாது. குதிகாலைவிட, தோல் எடுத்த தொடைதான் எரிந்தது. அதையும் முன்னாலேயே சொல்லியிருந்தார்கள்.

காலைத் தலையணைகளின்மேல் தூக்கி வைத்துக்கொண்டு படுத்தே கிடந்ததில் என் தலைமுடி சிக்காகிப் போனது. மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர் ஒரு சீப்பு வாங்கிவந்து, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்கெடுத்தார். பின்னத் தெரியாது. கயிறு முறுக்குவதுபோல் முறுக்கி ரப்பர் போட்டுவிட்டார். “இனிமே எதையும் மறைக்க மாட்டேன்” என்றார், என் தலைக்குப் பின்னால் நின்றபடி. கோபம் தீர்ந்திருக்கவில்லை. ஆனால் அந்த முறுக்கை நான் இரண்டு நாள் அவிழ்க்கவில்லை.

மிக்கேலுக்குக் கட்டைவிரலை எடுத்து, அக்குளிலிருந்து நெறியும் எடுத்திருந்தார்கள். எழுந்து நடக்கிறவர் என்பதால் அவர்தான் எங்கள் வார்டு வாசல்வரை வந்து நிற்பார். ஐந்தாம் நாள் கட்டைப் பிரித்தபோது ஒட்டிய தோல் பிடித்துக்கொண்டது என்று டாக்டர் சொன்னார். அன்று பிலோமினா வந்து என் கட்டில் ஓரத்தில் இரண்டு ஆரஞ்சுப் பழம் வைத்தார். “நேத்து அவிய என் மொகத்தப் பாத்துப் பேசினாவ” என்றார்.

நெறி ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்ததுதான் எல்லாவற்றிலும் மோசமான நாட்கள். நர்ஸ் யாராவது கையில் தாளோடு வந்தால் என் கண் அந்தத் தாளிலேயே இருக்கும். ஒன்பதாம் நாள் காலையில் டாக்டரே வந்தார். என் வீட்டுக்காரரும் தேன்மொழியும் கூட நின்றார்கள். “ரெண்டு நெறியிலயும் இல்லம்மா” என்றார் டாக்டர். எனக்கு அழுகை வந்தது. வீட்டுக்காரர் திரும்பி நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்ட வேண்டும், திரும்பி வராது என்று யாரும் எழுதித்தர முடியாது, ஒரு புள்ளி புதிதாகத் தெரிந்தாலும் வர வேண்டும் என்றார்கள்.

ஒரு மணிநேரம் கழித்து வாசலில் மிக்கேல். பின்னால் பிலோமினா. பிலோமினாவின் கண் வீங்கியிருந்தது.

“எனக்கு இருக்குதாம் தங்கச்சி. எடுத்ததுல ஒண்ணுல” என்றார். “ஒனக்கு என்ன வந்துச்சு?”

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. இன்னும் வரவில்லை என்று சொன்னால் போதும். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு இல்ல அண்ணாச்சி” என்றேன். குற்றம் செய்ததுபோல் இருந்தது.

“நல்லது” என்றார். உள்ளே வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “நர்ஸம்மா சொன்னதுல பாதி எனக்குக் கேக்கல, இவ அழுதுட்டு இருந்தா. இருக்குன்னா அடுத்தது என்னன்னு ஒங்கிட்டச் சொல்லியிருப்பாவல்லா? சொல்லு, கேப்போம்.”

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நெறியில் இருந்தால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தம் இல்லை, உடம்பு முழுக்க ஸ்கேன் பார்ப்பார்கள், உடம்பில் இருக்கிற எதிர்ப்புச் சக்தியைத் தூண்டி நோயை அழிக்க வைக்கிற மருந்து ஒன்று ஊசியில் ஏற்றுவார்கள் என்றேன். தெரியாததைத் தெரியாது என்றேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டாமல், திரும்பிப் பிலோமினாவிடம் தன் பேச்சில் சொல்லிக்காட்டினார். பிலோமினா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “எத்தன ஊசி?” என்று கேட்டார். அது எங்கள் யாருக்கும் தெரியவில்லை. மூன்று பேரும் சேர்ந்து தேன்மொழியைக் கூப்பிட்டனுப்பினோம்.

இப்போது ஒன்றரை வருடம் ஆகிறது. குதிகாலுக்குப் பஞ்சு வைத்த செருப்போடு கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துதான் வியாபாரம் பார்க்கிறேன். சாமான் வாங்க வருகிற போட்டுக்காரர்கள் என் காலைப் பார்த்துக் கேட்டால் சொல்கிறேன். உள்ளங்காலிலோ நகத்துக்கடியிலோ கறுப்பாக ஒன்று வந்து, அகலமாகிக்கொண்டே போனால், ஓரம் கலைந்திருந்தால், ஒரு மாதமாகியும் ஆறாவிட்டால், பிளேடை எடுக்காமல் தோல் டாக்டரிடம் காட்டுங்கள் என்கிறேன். எல்லாக் கறுப்பும் கேன்சர் இல்லை என்றும் சேர்த்தே சொல்கிறேன், இல்லாவிட்டால் பயந்துபோய்ப் பார்க்காமலே இருந்துவிடுவார்கள். சிலர் அங்கேயே செருப்பைக் கழற்றிப் பார்ப்பார்கள். சிலர் சிரித்துவிட்டுப் போவார்கள்.

மிக்கேலுக்கு அந்த மருந்தை ஓர் அறக்கட்டளையின் உதவியில் ஏற்றினார்கள். நடுவில் அந்த மருந்தாலேயே குடல் புண்ணாகி இரண்டு மாதம் நிறுத்தி வைத்து, மறுபடியும் கொடுத்தார்கள். இப்போது வின்ச் பக்கம் போவதில்லை, ஏலக்கூடத்தில் கணக்குப் பார்க்கிறார். நாலு விரலால் பேனா பிடிக்கப் பழகிவிட்டார்.

செக்கப் தேதி நெருங்கினால் பத்து நாள் முன்பிருந்தே எனக்குச் சாப்பாடு இறங்காது. ஏதாவது சாக்கு வைத்து ஒரு வாரம் தள்ளிப்போட முடியுமா என்று பார்ப்பேன். இரண்டு தடவை அப்படித் தள்ளியும் இருக்கிறேன். போன வாரம் மிக்கேல் போன் செய்தார்.

“போன ஸ்கேன்ல நுரையீரல்ல ஒரு புள்ளி தெரியுதுன்னாவ தங்கச்சி. என்னன்னு இன்னும் தெரியல. வர்ற புதன்கெழம திரும்பியும் பாக்காவ.” பிறகு சொன்னார், “பிலோமினாகிட்டச் சொல்லிட்டேன். அவளும் வாரா. ஒனக்கு எப்ப தேதி?”

“அதுக்கு அடுத்த மாசம்.”

“சரி, சரி. சும்மா கேட்டேன்.”

போனை வைத்துவிட்டு, வந்தவர்களுக்குச் சாமான் நிறுத்துப் போட்டேன். பிறகு தேன்மொழியைக் கூப்பிட்டு, என் செக்கப்பை வருகிற புதன்கிழமைக்கு மாற்ற முடியுமா என்று கேட்டேன்.

“எப்பவும் தள்ளித்தான கேப்பீங்க? புதுசா எதுவும் தெரியுதா உங்களுக்கு?” குரலில் பதற்றம் இருந்தது.

“எனக்கு ஒண்ணும் இல்ல,” என்றேன். “துணைக்கு வாரேன்.”